பையனுக்கு வாங்கிய கிமோனோவில் பீரங்கி வண்டி

வாசகியின் கடிதம்

ஜப்பானில் கணவர், மகனோடு வசிக்கும் ஒரு வாசகி நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். பெயரையும் ஆளைக் காட்டிக்கொடுக்கும் விவரங்களையும் எடுத்துவிட்டுச் சாரத்தை மட்டும் தருகிறேன்.

மகனுக்கு ஐந்து வயது. ஜப்பானில் மூன்று, ஐந்து, ஏழு வயதுக் குழந்தைகளை நவம்பர் மாதம் அலங்கரித்துக் கோயிலுக்கு அழைத்துப்போகும் ஷிச்சிகோசான் என்ற சடங்கு உண்டு. பள்ளித் தோழர்களெல்லாம் கிமோனோ போடுகிறார்கள், நம் பையனும் போடட்டுமே என்று ஆசைப்பட்டிருக்கிறார். கியோட்டோ தோஜி கோயிலில் மாதந்தோறும் 21-ஆம் தேதி கூடும் சந்தையில், பழந்துணிக் குவியலுக்குள் கருநீலப் பட்டில் ஒரு குட்டிக் கிமோனோ கிடைத்தது. மடித்தபடியே வாங்கி வந்துவிட்டார். வீட்டில் விரித்துப் பார்த்தால் கீழ்ப்பாதியில் பீரங்கி வண்டி. அதற்கு மேல் இரண்டு விமானங்கள். ராணுவத் தொப்பி போட்ட சின்னப் பையன் ஒருவன் கொடி பிடித்து நிற்கிறான். ஓரத்தில் மூன்று கொடிகள்: ஒன்று ஜப்பானுடையது, ஒன்றில் ஸ்வஸ்திகா, இன்னொன்று இத்தாலிக் கொடி மாதிரி, ஆனால் நடுவில் ஏதோ கேடயம்.

பக்கத்து வீட்டில் 89 வயதுப் பாட்டி ஒருவர் இருக்கிறார். அவரிடம் காட்டியபோது துணியைத் தடவிப் பார்த்து, "நாத்சுகாஷீ" என்றாராம். பழைய நாள் நெஞ்சில் வந்து நிற்கும்போது ஜப்பானியர் சொல்லும் வார்த்தை. அடுத்த நிமிடம் விமானத்தின் மேலிருந்த எழுத்தைப் படித்து, "காமிகாஸே" என்று முணுமுணுத்தார். "குழந்தைக்குப் போடாதே" என்று சொல்லிவிட்டு எழுந்து போய்விட்டார்.

கணவருடைய கோபம் வேறு. அவர் மலேசியத் தமிழர். அவர் தாத்தாவின் அண்ணன் பேராக்கில் ஓர் எஸ்டேட்டிலிருந்து, இரண்டாம் உலகப் போரில் ஜப்பானியர் போட்ட சயாம் ரயில் பாதை வேலைக்குக் கொண்டுபோகப்பட்டவர், திரும்பி வரவில்லை. "இன்றைக்கே எரித்துவிடு" என்கிறார் கணவர்.

வாசகி கேட்பது: இதை வைத்திருப்பது குற்றமா? அரசாங்கம் கொடுத்த பிரச்சார உடையா, ராணுவக் குடும்பத்துடையதா? அந்த ஸ்வஸ்திகா நாஜிகளுடையதா, கோயில் சின்னமா? எரிப்பதா, விற்பதா, வெட்டித் தலையணை உறையாகத் தைத்துவிடுவதா? கடைசியில் ஒரு வரி: "இதையெல்லாம்விடக் கஷ்டம், என் பையனுக்கு இந்த டிரஸ் ரொம்பப் பிடித்துவிட்டது. தினமும் கேட்கிறான்."

பதில்

அன்புள்ள சகோதரி,

முதலில் ஒரு பயத்தை இறக்கி வைத்துவிடலாம். ஜப்பானில் இதை வாங்கியதும் வைத்திருப்பதும் குற்றமில்லை. அங்கே பழந்துணிச் சந்தைகளில் இவை வெளிப்படையாகவே விற்கப்படுகின்றன. வேறு நாட்டுக்கு எடுத்துப்போவதிலும் இணையத்தில் விற்பதிலும் சிக்கல் உண்டு, அதைப் பின்னால் சொல்கிறேன். நான் வக்கீல் இல்லை. பழந்துணிகளைப் பாதுகாத்துச் சீர்செய்யும் வேலையில் இருப்பவள். அதனால் துணியிலிருந்தே ஆரம்பிக்கிறேன்.

நீங்கள் அனுப்பிய எட்டுப் படங்களில் எனக்கு அதிகம் பேசியது பீரங்கி வண்டி இருக்கும் படம் இல்லை. கையையும் நாடாவையும் காட்டும் இரண்டு படங்கள். "கை ஓரம் மேலிருந்து கீழ்வரை திறந்தே இருக்கிறது, தையல் விட்டுப்போயிருக்கும் போல, தைத்துக்கொள்ளலாம் என்று நினைத்தேன்" என்று எழுதியிருக்கிறீர்கள். தையல் விட்டுப்போகவில்லை. அப்படித்தான் தைப்பார்கள். முதுகு நடுவில் சேர்ப்புத் தையலே இல்லை, பாருங்கள். ஒரே அகலத் துணி. மார்புப் பக்கம் இரண்டு நீள நாடாக்கள். இவை மூன்றும் சேர்ந்திருந்தால் அது ஐந்து வயதுப் பையனின் உடுப்பு அல்ல, பிறந்து ஒரு மாதம் ஆன ஆண் குழந்தையை முதல்முறை கோயிலுக்கு எடுத்துப்போகும் ஓமியாமைரி உடுப்பு.

அதைக் குழந்தைக்கு மாட்டிவிடுவதுகூட இல்லை. குழந்தையை அப்பாவைப் பெற்ற பாட்டி கையில் ஏந்திக்கொள்வார். கிமோனோவைக் குழந்தையின் மேல் போர்த்தி, நாடாவைப் பாட்டியின் முதுகுப் பக்கம் கட்டுவார்கள். எதிரே வருகிறவர்களுக்குத் தெரிவது கிமோனோவின் முதுகும் அதிலுள்ள ஓவியமும்தான். அதே துணியைச் சில வருடம் கழித்து, கையைத் தைத்து, தோளிலும் இடுப்பிலும் டக் பிடித்து ஷிச்சிகோசானுக்குப் போடுவதும் உண்டு. "வளர்ற பிள்ளை, டக் வச்சுத் தைங்க" என்று நம் ஊரில் பாவாடைக்குச் சொல்வோமே, அந்தக் கணக்கு. உங்கள் கிமோனோவில் டக் பிடித்த தடம் எதுவும் தெரியவில்லை. ஒரே ஒரு நாள் போர்த்தியதோடு சரி என்று தோன்றுகிறது. ஏன் என்பதைத் துணி சொல்லாது.

அந்த நாடாவில் சிவப்பும் வெள்ளையுமாக நூலால் ஒரு பூ மாதிரி தைத்திருக்கிறது, கவனித்தீர்களா? அது கடை அச்சில்லை, கைத்தையல். பிள்ளைக்கு ஒன்றும் நேராமல் இருக்க வேண்டும் என்று போடும் மங்கலத் தையல். முதுகில் தையல் இல்லாத உடுப்பைக் குழந்தை போட்டால் அந்த வழியே கெட்டது உள்ளே புகுந்துவிடும் என்று அங்கே ஒரு பழைய நம்பிக்கை. அதனால் அன்றாடக் குழந்தை உடுப்பில் முதுகுப் பக்கம் காப்புத் தையல் ஒன்று போடுவார்கள். விசேஷ உடுப்பில் நாடாவில் போடுவார்கள். நம் வீட்டில் கன்னத்தில் மைப்பொட்டு வைப்பதுபோல என்று வைத்துக்கொள்ளுங்களேன். மேலே காப்புத் தையல், ஒரு சாண் கீழே பீரங்கி வண்டி. இரண்டையும் ஒரே வீட்டில் ஒரே ஆசையோடு பிள்ளைக்குப் போர்த்தியிருக்கிறார்கள்.

இது அரசாங்க உடையா?

நீங்கள் மட்டுமில்லை, இதை முதலில் பார்க்கும் எல்லோரும் அப்படித்தான் நினைக்கிறார்கள். பிரச்சாரம் என்றதும் மேலிடத்தில் ஒருவர் உத்தரவு போட்டு, கீழே உள்ளவர்கள் பல்லைக் கடித்துக்கொண்டு உடுத்திய மாதிரி ஒரு சித்திரம் நமக்கு வந்துவிடுகிறது. இந்தத் துணிகளின் கதை அப்படி இல்லை. இவற்றை அச்சிட்டவர்கள் தனியார் துணி வியாபாரிகள். விற்றது கடைகளில். வாங்கியது பெற்றோரும் தாத்தா பாட்டியும், சொந்தக் காசில். செய்தித்தாளில் எது பரபரப்போ அது சீக்கிரமே துணியில் ஏறிவிடும், அவ்வளவுதான்.

இதற்கு ஒமோஷிரோகாரா என்று பெயர். வேடிக்கையான டிசைன், புதுமையான டிசைன் என்ற பொருள். ரயில், ஆகாயக் கப்பல், பேஸ்பால், உயரமான கட்டடம் என்று நவீனமாகத் தெரிந்த எல்லாமே அதில் உண்டு. போர் அதில் ஒரு கிளை. 1894-95 சீனப் போரிலேயே தலைகாட்டி, 1904-05 ரஷ்யப் போரில் வளர்ந்து, 1931 செப்டம்பரில் ஜப்பானியப் படை சீனாவின் மஞ்சூரியாவைப் பிடிக்கத் தொடங்கிய பிறகு பெருகியது. 1932 பிப்ரவரியில் ஷாங்காய் அருகே முள்வேலியைத் தகர்க்க வெடிகுண்டுக் குழாயைத் தூக்கிக்கொண்டு ஓடி மூன்று சிப்பாய்கள் செத்தார்கள். அடுத்த மாதமே அது பல சினிமாக்களாகவும் நாடகங்களாகவும் பாட்டாகவும் வந்துவிட்டது. துணியிலும் வந்தது. சாவைச் சிறுவர் உடுப்பில் அச்சடிக்கிறோமே என்ற தயக்கம் அந்த டிசைனரிடம் இருந்திருக்குமா? எனக்குத் தெரிந்த துணிகளில் அப்படி ஒரு தயக்கத்தின் அடையாளம் இல்லை. வண்ணமெல்லாம் பளிச்சென்றுதான் இருக்கிறது.

ஆண்களின் உடையில் இந்த ஓவியங்கள் பெரும்பாலும் உள்ளே இருந்தன. ஹாவோரி எனும் மேலங்கியின் உள்துணியில், அல்லது நகாஜுபான் எனும் உள்ளங்கியில். வெளியே பார்த்தால் கறுப்போ சாம்பலோ. வீட்டில் நண்பர்களோடு உட்கார்ந்து மேலங்கியைக் கழற்றும்போதுதான் உள்ளே போர்க்கப்பல் இருப்பது தெரியும். எடோ காலத்தில் (1603-1868) சாமானியர் ஆடம்பரமாக உடுத்தக்கூடாது என்று அரசு தடை போட்டபோது, பணக்கார வணிகர்கள் அழகையெல்லாம் உள்துணியில் ஒளித்துக்கொண்டார்கள். அந்த ருசி அப்படியே தொடர்ந்தது. ஆண் குழந்தைகளின் உடுப்பில் மட்டும் ஓவியம் வெளியே. பெண்களுடையதில் போர்ச் சித்திரம் குறைவு.

குழந்தை உடுப்பில் இன்னொரு விஷயம் உண்டு. வழக்கமாக அந்தக் கீழ்ப்பாதியில் எதை வரைவார்கள் தெரியுமா? சிறகு விரித்த பருந்து, அருவியில் எதிர்த்து ஏறும் கெண்டை மீன், போர்வீரனின் தலைக்கவசம். பிள்ளை வீரனாக, துணிந்தவனாக வர வேண்டும் என்ற வாழ்த்து. உங்கள் துணியில் பருந்து இருக்கவேண்டிய இடத்தில் விமானம் இருக்கிறது. தலைக்கவசத்தின் இடத்தில் பீரங்கி வண்டி. மேகத்தைக்கூட மாற்றவில்லை, பொன்வரி போட்ட பழைய பாணி மேகமேதான். வாங்கியவர்களுக்கு இது விபரீதமாகத் தெரியாததற்கு அது ஒரு காரணம் என்று நினைக்கிறேன். பழகிய வாழ்த்தில் ஒரு சொல்லை மாற்றிய மாதிரிதான் இருந்திருக்கும்.

அரசுக்கு இதில் பங்கே இல்லை என்று சொல்லவில்லை. எந்தச் செய்தி வெளிவரலாம், எதைப் பேசக்கூடாது என்பதெல்லாம் தணிக்கையின் கையில் இருந்தது. பள்ளிப் பாடமும் அப்படித்தான். ஆனால் அரசு நேரடியாகத் துணியில் கை வைத்தபோது நடந்தது நேர்மாறு. 1940 ஜூலை 7-ஆம் தேதி ஆடம்பரப் பொருள் உற்பத்திக்கும் விற்பனைக்கும் கட்டுப்பாடு வந்தது. 1942 பிப்ரவரியில் உடைக்கு ரேஷன் வந்தது. நகரத்தில் ஆளுக்கு 100 புள்ளி, கிராமத்தில் 80. பீரங்கி வண்டி போட்ட பட்டுக்குப் புள்ளியைச் செலவழிக்க யாருக்கு முடியும்? பெண்களெல்லாம் மொன்பே எனும் தொளதொள வேலைக் கால்சட்டைக்கு மாறினார்கள். இந்தத் துணிகளும் அநேகமாக அதோடு அருகிவிட்டன.

ஐந்து இடத்தில் இருக்கும் வெள்ளை வட்டச் சின்னங்களைப் பார்த்துத்தான் ராணுவக் குடும்பமோ என்று கேட்டிருக்கிறீர்கள். அவை மோன் எனப்படும் குடும்பச் சின்னங்கள். பதவிக்கும் ராணுவத்துக்கும் அதில் சம்பந்தமில்லை. ஒரே சின்னத்தை எத்தனையோ குடும்பங்கள் வைத்திருக்கும் என்பதால், இதைக் கொண்டு சொந்தக்காரரைத் தேடிக் கண்டுபிடிக்கவும் முடியாது. போருக்குப் போனவனுக்கு ஊரார் கையெழுத்திட்டுக் கொடுத்த கொடிகள் என்றால் அதில் பெயர் இருக்கும். அப்படிப்பட்டவற்றைக் குடும்பங்களிடம் திருப்பிச் சேர்க்க அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்தில் ஓபோன் சொசைட்டி என்ற அமைப்பே இருக்கிறது. உங்கள் துணியில் பெயர் எதுவும் தென்படவில்லை. கழுத்துப் பட்டியின் உட்பக்கத்தை மட்டும் ஒருமுறை பாருங்கள், பிரித்துவிடாமல்.

கொடிகளும் அந்த எழுத்தும்

ஜப்பானில் ஸ்வஸ்திகா புதிதல்ல. அவர்கள் மஞ்சி என்பார்கள். புத்தர் கோயில் சின்னம் அது, அங்கே வரைபடத்தில்கூடக் கோயிலைக் குறிக்க அதைத்தான் போடுவார்கள். ஒன்றோடொன்று பின்னிய மஞ்சிகளை நெய்த பட்டு நூற்றாண்டுகளாக உண்டு. அதனால் பழைய கிமோனோவில் ஸ்வஸ்திகாவைப் பார்த்ததும் பதற வேண்டியதில்லை. ஆனால் உங்களுடையது அதுவல்ல. சிவப்புக் கொடி, நடுவில் வெள்ளை வட்டம், அதற்குள் சாய்த்து நிறுத்திய கறுப்புச் சின்னம். அது ஜெர்மனியின் நாஜிக் கொடிதான். இடப்பக்கம் திரும்பியதா வலப்பக்கமா என்று பார்த்து முடிவு செய்யச் சொல்வார்கள். துணியில் அதை நம்பாதீர்கள், வரைபவர் கை மாறிப்போவது உண்டு. நிறமும் வட்டமும்தான் உறுதி.

மூன்றாவது இத்தாலியேதான். அப்போது அது முடியாட்சி. கொடியின் நடுவில் சவோய் அரச குடும்பத்தின் கேடயம் இருந்தது. ஜப்பானும் ஜெர்மனியும் 1936 நவம்பரில் செய்த ஒப்பந்தத்தில் இத்தாலி 1937 நவம்பரில் சேர்ந்தது. மூவரும் ராணுவக் கூட்டணி கண்டது 1940 செப்டம்பர் 27-இல். ஆகவே மூன்று கொடி சேர்ந்த துணி 1937 இறுதிக்கு முன்னால் இருக்க வழியில்லை.

இப்போது காமிகாஸே. பாட்டி சரியாகத்தான் படித்திருக்கிறார். கடவுள், காற்று என்ற இரண்டு எழுத்துகள். ஆனால் அந்த விமானம் தற்கொலைத் தாக்குதல் விமானம் இல்லை. அது 1937 ஏப்ரலில் ஆசாஹி செய்தித்தாள் டோக்கியோவிலிருந்து லண்டனுக்கு அனுப்பிய காமிகாஸே என்ற விமானம். ஆறாம் ஜார்ஜ் மன்னரின் முடிசூட்டையொட்டி, 6-ஆம் தேதி கிளம்பி 9-ஆம் தேதி லண்டனில் இறங்கியது. 94 மணி 17 நிமிடம். வழியில் கல்கத்தாவிலும் கராச்சியிலும் தரை தொட்டது. அந்நாளில் பெரிய சாதனை, நாடே கொண்டாடியது. உங்கள் படத்தில் இறக்கையில் மங்கலாக ரோமன் எழுத்துகள் தெரிகின்றன. லென்ஸ் வைத்துப் பாருங்கள், ஜே என்று தொடங்கி பி, ஏ, ஏ, ஐ என்று இருந்தால் சந்தேகமே வேண்டாம், அதன் பதிவு எண் அதுதான். அதே காமிகாஸே என்ற பெயரில், விமானத்தோடு மோதி உயிரை விடும் படைகள் வந்தது 1944 அக்டோபரில், பிலிப்பைன்ஸில். இந்தத் துணி அதற்குப் பல வருடம் முந்தையது.

இதைக்கொண்டு பாட்டியைத் திருத்தப் போகாதீர்கள். 1944-இல் அவருக்கு எட்டு வயது இருக்கும். அந்தச் சொல்லை அவர் எந்த விமானத்தோடு சேர்த்துக் கேட்டிருப்பார் என்று யோசியுங்கள்.

இனி என்ன செய்யலாம்

உடுத்துவது: வேண்டாம். இதில் எனக்குத் தயக்கமே இல்லை. கோயில் வாசலில் சீனரோ கொரியரோ நின்றிருக்கலாம், அந்தப் பாட்டியின் வயதுக்காரர்கள் நின்றிருக்கலாம். நாஜிக் கொடி தெரியும் புகைப்படம் உங்கள் மகன் பெரியவனான பிறகும் அவனோடு இருக்கும். அதோடு, இது அவனுக்குப் பொருந்தவும் பொருந்தாது. ஷிச்சிகோசானுக்கு வாடகைக்குக் கிமோனோ எங்கும் கிடைக்கும், பருந்து போட்டதாகப் பார்த்து எடுங்கள்.

வெட்டித் தைப்பது: தயவுசெய்து வேண்டாம். என் தொழில் புத்தியும் இதில் பேசுகிறது, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் காரணம் வெறும் பழமைப் பாசம் இல்லை. வெட்டிவிட்டால் நாடாவும் திறந்த கையும் சின்னமும் போய்விடும். ஒரு பீரங்கி வண்டிப் படம்தான் மிஞ்சும். அழகான ரெட்ரோ டிசைன் என்று சோபாவில் கிடக்கும். குழந்தைக்குப் போர்த்தியது என்பதுதான் அதிலிருக்கும் விஷயமே.

விற்பது: ஜப்பானுக்குள் தடையில்லை. வாங்குபவர்களில் ஆய்வாளர்களும் உண்டு, அந்தக் காலத்தை நெஞ்சு நிமிர்த்திப் பேசுகிறவர்களும் உண்டு. யாரிடம் போகும் என்பது உங்கள் கையில் இல்லை. இணைய விற்பனைத் தளங்கள் பல நாஜிச் சின்னம் உள்ள பொருளை நீக்கிவிடும், சில நேரம் கணக்கையே முடக்கும். ஜெர்மனியில் குற்றவியல் சட்டத்தின் 86-ஏ பிரிவு அந்தச் சின்னத்தைப் பொதுவெளியில் காட்டுவதையும் பரப்புவதையும் தண்டனைக்குரியதாக்குகிறது. கல்வி, ஆய்வு, கலைக்கு விலக்கு உண்டு என்றாலும் தபாலில் அனுப்பிவிட்டு விலக்கைப் பற்றி வாதாடிக்கொண்டிருக்க உங்களால் முடியாது. கணவரின் வேலை அந்தப் பக்கம் மாறினாலும் பெட்டியில் வைத்து எடுத்துப்போகாதீர்கள்.

எரிப்பது: இது உங்கள் கணவர் கேட்பது, அதனால் கொஞ்சம் நின்று சொல்கிறேன். சயாம்-பர்மா ரயில் பாதை 415 கிலோமீட்டர். 1942-இல் தொடங்கி 1943 அக்டோபரில் முடித்தார்கள். மலாயா எஸ்டேட்டுகளிலிருந்து போன தமிழர்களில் பல்லாயிரம் பேர் காலராவிலும் பட்டினியிலும் அங்கேயே விழுந்தார்கள். போர்க்கைதிகளாக இருந்து இறந்த வெள்ளைக்காரச் சிப்பாய்களுக்குத் தாய்லாந்தின் காஞ்சனபுரியில் பெயர் பொறித்த கல் வரிசையாக இருக்கிறது. நம் ஆட்களில் பெரும்பாலோருக்குப் புதைத்த இடமே தெரியாது. அந்த வீட்டுப் பேரப்பிள்ளை இந்தத் துணியை வீட்டில் வைக்கமாட்டேன் என்றால் அதற்குமேல் அவர் காரணம் சொல்லத் தேவையில்லை. "இது மலாயாவுக்கு ஜப்பான் வருவதற்கு முன்னால் நெய்ததுங்க" என்று வருடக் கணக்குச் சொல்லிச் சமாதானப்படுத்தப் பார்க்காதீர்கள். கணக்கு சரியாக இருக்கலாம், பேச்சு சரியாக இருக்காது.

ஆனால் வீட்டைவிட்டு வெளியேற்ற எரிப்பது ஒன்றே வழியல்ல என்பதை அவரிடம் சொல்லலாம். போர் முடிந்ததும் இப்படிப்பட்ட துணிகளில் எத்தனையோ அழிக்கப்பட்டன, பெட்டிக்கு அடியில் போய் மறைந்தன, பிரித்து வேறாகத் தைக்கப்பட்டன. அந்த வீடுகளில் இது பேச்சாகவே வரவில்லை. ஊர் முழுக்க ஆசையோடு வாங்கியது என்பதற்கு இப்போது சாட்சி மிச்சமிருக்கும் துணிகள்தான். உங்களுடையதை எரித்தால் அந்தச் சாட்சியில் ஒன்று குறையும். யாருக்கு லாபம் என்று அவரிடமே கேளுங்கள். அப்புறமும் எரிக்க வேண்டும் என்றால் அது உங்கள் குடும்பத்தின் முடிவு, நான் குறுக்கே நிற்கமாட்டேன்.

கொடுத்துவிடுவது: என் யோசனை இதுதான். கியோட்டோவில் ரிட்சுமெய்கான் பல்கலைக்கழகத்தின் உலக அமைதி அருங்காட்சியகம் இருக்கிறது. டோக்கியோ குடான் பகுதியில், போர்க்கால மக்களின் அன்றாட வாழ்வைக் காட்டும் ஷோவாகான் இருக்கிறது. நேரே எடுத்துக்கொண்டு போய் நிற்காதீர்கள். முதலில் படங்களும் அளவும் வாங்கிய இடமும் தேதியும் எழுதி அனுப்புங்கள். இதேபோல் ஏற்கெனவே இருக்கிறது, வேண்டாம் என்று சொன்னாலும் சொல்வார்கள். மனம் நோக வேண்டாம், இன்னொரு இடம் கேட்கலாம். எடுத்துக்கொள்வதாக இருந்தால் ஒப்படைப்புத் தாளில் கையெழுத்து வாங்குவார்கள். அதன்பின் அது அவர்களுடையது, திருப்பிக் கேட்க முடியாது. தருவதற்கு முன் உங்கள் கணவரின் தாத்தாவுடைய அண்ணன் பற்றி ஒரு பக்கம் எழுதி, துணியோடு சேர்த்துக் கோப்பில் வைக்கமுடியுமா என்று கேட்டுப்பாருங்கள். அதற்கு அவர் ஒத்துக்கொண்டால் மட்டும்.

அதுவரை அதை ஹேங்கரில் மாட்ட வேண்டாம், சொந்த எடையிலேயே தோள் கிழியும். டிரை கிளீனிங் வேண்டாம். பிளாஸ்டிக் உறை வேண்டாம். கிமோனோ மடித்து வைக்கும் தாள் உறை கடைகளில் கிடைக்கும், அதில் வையுங்கள். அந்துருண்டையும் கற்பூரமும் ஒரே பெட்டியில் சேர்ந்தால் உருகிக் கறை பிடிக்கும். ஏதாவது ஒன்று, அதுவும் துணியைத் தொடாமல். கணவரின் கண்ணில் படாத இடமாகப் பாருங்கள்.

பையனும் பாட்டியும்

உங்கள் மகனுக்கு அந்த உடை பிடித்ததில் எந்தத் தப்பும் இல்லை. ஐந்து வயதுக்குப் பீரங்கி வண்டி பிடிக்கத்தான் செய்யும், பிடிக்கும் என்று தெரிந்துதான் அதை வரைந்தார்கள். என் தம்பி மகனுக்கு ராணுவப் புள்ளி போட்ட கால்சட்டை நானே வாங்கிக் கொடுத்திருக்கிறேன், இந்தத் தொழிலில் இத்தனை வருடம் இருந்தும். கடையில் எனக்கு ஒன்றும் உறைக்கவில்லை. பையன் கேட்டால் "பழசு, கிழிந்துவிடும்" என்று பொய் சொல்லாதீர்கள். "இந்த வண்டி மற்றவங்க ஊருக்குள்ளே போய் வீடெல்லாம் இடிச்சது. அப்பாவோட தாத்தாவுக்கு அண்ணன் இருந்தார், அந்தச் சண்டையிலே அவர் வீட்டுக்குத் திரும்பி வரலே. அதனால நாம இதைப் போடமாட்டோம்." இவ்வளவு போதும். மேற்கொண்டு கேட்டால் கேட்டதற்கு மட்டும் பதில். அழுதால் அழட்டும், ஒரு நாள்தான்.

பாட்டி எழுந்து போனதை நீங்கள் கோபம் என்று எடுத்துக்கொண்டிருக்கிறீர்கள். எனக்கு அவர் முதலில் சொன்ன வார்த்தைதான் மனதில் நிற்கிறது. இந்தக் கிமோனோ புதிதாக இருந்தபோது அவரே சின்னக் குழந்தை. தம்பி பிறந்து அவனுக்கு இப்படி ஒன்று போர்த்தியிருக்கலாம், அடுத்த வீட்டில் பார்த்திருக்கலாம், ஒன்றுமே இல்லாமலும் இருக்கலாம். போய்ப் பாருங்கள். கிமோனோவை எடுத்துப்போகாதீர்கள், போனிலிருக்கும் படத்தையும் காட்டாதீர்கள். அவருக்குப் பிடித்த இனிப்பு ஏதாவது வாங்கிக்கொண்டு, பையனையும் கூட்டிக்கொண்டு, "அதை அவனுக்குப் போடப்போவதில்லை, சொன்னதற்கு நன்றி" என்று சொல்லுங்கள். அவராகப் பேசினால் கேட்டுக்கொண்டு வந்து, அன்று இரவே தேதி போட்டு எழுதி வையுங்கள். பேசாவிட்டால் தேநீர் குடித்துவிட்டு வந்துவிடுங்கள்.